தும்பையா, வாகையா?

பாடசாலைகளுக்கிடையே நடைபெறும் விளையாட்டுப் போட்டிகளையொட்டி எமது நாட்டில் ஓர் இலக்கிய வகை வளர்ந்திருக்கிறது. இலக்கியம் என்ற சொல்லை இங்கு ஆள்வது தகுமா எனப் புலவர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். பாடசாலைக் கீதம், போட்டிச் சிறப்பு மலர், அதிபர்களின் ஆசிச் செய்தி, பழைய மாணவரின் வாழ்த்துக் கவிதை, வீதியெங்கும் கட்டப்படும் பதாகை, மறுநாட் பத்திரிகைச் செய்தி ஆகிய யாவும் இவ்வகையுள் அடங்கும். அச்சாகி அலுமாரியில் உறங்கும் கவிதைத் தொகுதியைவிட, மைதான வாயிலில் கைமாறும் மலருக்கு வாசகர் அதிகம். வாலிப உள்ளங்களில் முதலிற் பதிவதும் அதுவே. ஆதலின் அதனைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது வீண்வேலை ஆகாது.

இப்பொருளில் எமக்கு அக்கறை பிறந்த இடம் எமது வகுப்பறை. மன்னாரில் நாம் தமிழ் கற்பிக்கும் வகுப்பிலே, வலய மட்ட உதைபந்தாட்டப் போட்டி முடிந்த வாரத்தில், 'நான் கண்ட ஒரு போட்டி' என்ற தலைப்பைக் கொடுத்து மாணவரைக் கட்டுரை வரையச் சொன்னோம். வந்த கட்டுரைகள் யாவும் ஏறக்குறைய ஒரே கட்டுரையாக இருந்தன. படை திரண்டது, களம் அதிர்ந்தது, எதிரிகள் சிதறடிக்கப்பட்டனர், பழைய தோல்விக்குப் பழி தீர்க்கப்பட்டது. பந்து எவர் காலிலிருந்து எவர் காலுக்குச் சென்றது, கோல் காப்பாளன் எப்பக்கம் பாய்ந்தான், காற்று எத்திசையில் வீசியது என்ற விவரம் ஒரு கட்டுரையிலும் இல்லை. நிறுத்தற்குறிகளைத் திருத்திக்கொண்டே போன எமது சிவப்பு மை, ஒரு தாளில் மட்டும் நின்றுவிட்டது.

அக்கட்டுரை அரைப் பக்கமே இருந்தது. எழுதியவன், குடும்பம் இடம் மாறியமையால் அயற் பாடசாலையொன்றிலிருந்து எம்மிடம் வந்து சேர்ந்த பையன். அன்றைய போட்டியில் அவன் தன் பழைய பாடசாலைக்கு எதிராக ஆடி ஒரு கோல் போட்டான். அவன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "நான் கோல் அடித்ததும் அவர்கள் என்னைத் துரோகி என்று கத்தினார்கள். கத்தியவர்களில் என்னோடு ஐந்து வருடம் ஒரே வாங்கில் இருந்தவனும் நின்றான்."

துரோகி என்ற அச்சொல்லைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் எங்கிருந்து பெற்றனர்? எமது வடபுலத்திலே அது வெறும் வசைச்சொல்லாக இருந்ததில்லை. ஒருவர்மீது அது விழுந்தபின் துப்பாக்கி வெடித்த காலம் ஒன்று இருந்தது. யாழ்ப்பாண மாநகர முதல்வராக விளங்கிய அல்பிரட் துரையப்பா 1975ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர்மீது சுமத்தப்பட்டிருந்த பெயரும் அதுவே. வடமாகாணப் பிள்ளைகள் ஓடியும் பாய்ந்தும் பரிசு பெறும் யாழ்ப்பாண விளையாட்டரங்கு இன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவரது அரசியலை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். அச்சொல்லின் விலை என்ன என்பதை மட்டும் மறுக்கவொண்ணாது. யுத்தம் 2009இல் முடிவுற்றது. எமது வகுப்பில் இருப்போர் அதன் பின்னர் வளர்ந்த பிள்ளைகள். யுத்தத்தைக் கண்ணாற் காணாத இப்பிள்ளைகளின் வாயில் யுத்தத்தின் சொற்கள் மட்டும் எவ்வாறு குடியேறின என்பதே இங்கு எம் வினா.

வினாவுக்கு விடை காணச் சற்று வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

கொழும்பு அக்கடமி என அக்காலத்தில் வழங்கிய றோயல் கல்லூரிக்கும் புனித தோமையார் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டம், 1879இல் ஆசிரியரும் மாணவரும் கலந்து ஆடிய ஆட்டமாகத் தொடங்கிற்று. 1880 முதல் மாணவர் மட்டும் ஆடும் போட்டியாயிற்று. யாழ்ப்பாணத்திலே வெஸ்லியன் மிஷனார் 1816இல் நிறுவிய மத்திய கல்லூரியும், சேர்ச் மிஷன் சங்கத்தார் 1823இல் தொடக்கிய பரியோவான் கல்லூரியும் 1904 முதல் பொருதி வருகின்றன. கொழும்புப் போட்டி 'நீலங்களின் சமர்' எனவும், யாழ்ப்பாணப் போட்டி 'வடக்கின் பெருஞ்சமர்' எனவும் பெயர் பெற்றன. பின்னர் புனித பத்திரிசியார் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் ஆடுவது 'பொன் அணிகளின் சமர்' ஆயிற்று. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் கொக்குவில் இந்துக் கல்லூரியும் ஆடுவது 'இந்துக்களின் சமர்' ஆயிற்று. பெயர்களை வரிசையாக வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பாடசாலைகள் வேறு, நிறங்கள் வேறு, சமயங்கள் வேறு. சமர் என்ற சொல் மட்டும் மாறவில்லை.

இச்சொல் எமது மண்ணில் தானாக முளைத்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே, செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படித்த பாடசாலைகளில் விளையாட்டு ஒரு கல்விக் கொள்கையாக வளர்ந்தது. பேரரசை ஆளப் புறப்படும் இளைஞனுக்கு வேண்டிய துணிவும் கீழ்ப்படிதலும் மைதானத்தில் வார்க்கப்படும் என்று அக்காலத்தார் நம்பினர். ஹென்றி நியூபோல்ட் என்ற கவிஞர் அந்நூற்றாண்டின் இறுதியில் எழுதிப் பெரும்புகழ் பெற்ற கவிதையொன்று இந்நம்பிக்கையின் முழு வடிவம் எனலாம். அதன் தொடக்கத்திலே பாடசாலைத் துடுப்பாட்டம். இறுதி ஆட்டக்காரன் களம் புகுகிறான். அடுத்த பகுதியிலே பாலைநிலப் போர்க்களம். தளபதி மாண்டுவிட்டான், படை குலைகிறது. அங்கே ஒரு வாலிபன் குரல், மைதானத்தில் தான் கேட்ட அதே ஊக்கமொழியைச் சொல்லிச் சிப்பாய்களைத் திரட்டுகிறது. பாலைநிலத்தில் எதிர்ப்பக்கம் நின்றவர் யாவர், அவருடைய நாட்டில் இவருக்கு என்ன அலுவல் என்ற கேள்விகள் அக்கவிதையில் எழுவதில்லை. மைதானத்திற்கும் போர்க்களத்திற்கும் இடையிலிருந்த கோட்டை அழித்ததே அக்கவிதையின் சாதனை. ஆளவந்தோர் எமக்கு மட்டையையும் பந்தையும் தந்தபோது, அழிக்கப்பட்ட அக்கோட்டையும் சேர்த்தே தந்தனர்.

நாம் குறுகிய நோக்கில் பேசுகிறோம் என எவரும் கொள்ள வேண்டியதில்லை. நடுவர் தீர்ப்பை முகங்கோணாது ஏற்றல், தோற்றவனுக்குக் கைகொடுத்தல், தன் ஓட்டத்தினும் அணியின் வெற்றியைப் பெரிதாக எண்ணுதல் ஆகிய நற்பண்புகளையும் அதே மைதானங்களே எமது மூன்று தலைமுறைகளுக்குக் கற்பித்தன. பேரரசை எதிர்த்தோரும் அவற்றைப் போற்றியதுண்டு. திரினிடாட் தீவிலே பிறந்த மார்க்சியச் சிந்தனையாளர் சீ. எல். ஆர். ஜேம்ஸ், 'எல்லைக்கு அப்பால்' எனப் பொருள்படும் தலைப்புடன் 1963இல் வெளியிட்ட நூலில், குடியேற்றநாட்டுப் பாடசாலை மைதானம் தமக்கு அளித்த ஒழுக்கத்தை நன்றியுடன் நினைவுகூர்கிறார். ஆனால் அவர் அவ்வளவில் நிற்கவில்லை. தம் தீவின் துடுப்பாட்டக் கழகங்கள் தோலின் நிறத்தாலும் வர்க்கத்தாலும் எவ்வாறு பிரிந்து கிடந்தன என்பதையும், சாதாரணக் கறுப்பு மக்களின் கழகத்தை விட்டு நிறம் வெளுத்த மத்தியதர வகுப்பாரின் கழகத்திலே தாம் சேர்ந்தது தம் அரசியல் வளர்ச்சியைப் பல்லாண்டு பின்தள்ளியது என்பதையும் ஒளிவின்றி எழுதினார். ஆட்டத்தை உயிராக நேசித்தவர் அவர். அந்நேசம் அவர் கண்ணை மறைக்கவில்லை. எமது மலர்களை நாடி நாம் செல்வது இத்தகைய எழுத்து ஒன்றேனும் கிட்டும் என்ற ஆசையினாலேயே.

மலர்களில் நமக்குக் கிட்டுவது யாது? முதற் பக்கங்களில் வாழ்த்துச் செய்திகள். ஒவ்வொன்றும் பாடசாலையின் பழைமையிலே தொடங்கி, அது ஈன்ற வைத்தியர், பொறியியலாளர், நீதியரசர் பட்டியலிலே முடிகிறது. அடுத்து வெற்றி தோல்விக் கணக்கு. அதன்பின் கவிதை. கவிதையில் வேங்கை பாய்கிறது, சிங்கம் கர்ச்சிக்கிறது, சேர சோழ பாண்டியர் எழுந்து வருகின்றனர், பகைவர் தலை உருள்கிறது. பகைவர் எனப்படுவோர் அடுத்த தெருவில் வசிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர். பந்து வீசியவன் கையைப் பற்றியோ, துடுப்பை உயர்த்தாமல் விட்டவன் பொறுமையைப் பற்றியோ ஒரு வரி இராது. விளையாட்டைப் பார்க்காமலே எழுதத்தக்க விளையாட்டு இலக்கியம் இது. இக்கவிதையிற் பாடசாலையின் பெயரை மாற்றி எதிரணியின் மலரில் அச்சிட்டாலும் ஒரு சீர் குறையாது. பொய்யான எழுத்துக்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

"இவையெல்லாம் வெறும் உருவகந்தானே, இதற்கு ஏன் இத்தனை பதற்றம்?" என நண்பரொருவர் எம்மிடம் வினவினார். அவரும் ஆசிரியர், இளமையில் நன்றாகத் துடுப்பெடுத்து ஆடியவர். "பொருதல் தமிழருக்குப் புதிதா? கோழிப்போர் என்கிறோம், மற்போர் என்கிறோம், சொற்போர் என்கிறோம். துடுப்பாட்டத்திற்கு மட்டும் அச்சொல் ஆகாதோ? மேலும், யுத்தம் முடிந்த பின் எமது மக்கள் அச்சமின்றிக் கூடி உரத்த குரலில் ஆர்ப்பரிக்க வாய்த்த இடங்களில் இப்போட்டிகளும் ஒன்று. அந்த மகிழ்ச்சியையும் பறித்துவிடப் போகிறீரோ?" என்றார்.

நண்பரின் இரண்டாவது கேள்வி கனமானது. அதை நாம் மதிக்கிறோம். ஆர்ப்பரிப்பு இருக்கட்டும், பவனி இருக்கட்டும், பப்பரே வாத்தியமும் முழங்கட்டும். உருவகம் பற்றிய அவர் வாதத்துக்கு மட்டும் விடை கூறவேண்டும். உருவகம் எந்த மண்ணில் நின்று பேசப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறது. கடலைக் காணாத ஊரான் துன்பத்தைக் கடல் எனலாம். மீன்பிடிக்கப் போன தந்தை திரும்பாத வீட்டில் அதே உருவகத்தைச் சொல்பவன் சற்றே யோசித்துச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மைதானத்துக்கு அண்மையிலேயே 1981இல் எரியூட்டப்பட்ட பொது நூலகம் இருக்கிறது. 1990இல் முற்றுகைக்குள்ளான கோட்டையும் இருக்கிறது. உண்மையான யுத்தம் சில ஆண்டுகளில் இச்சமரையே தடைப்படுத்தியது. துடுப்பேந்த வேண்டிய வயதில் ஆயுதம் ஏந்தியோரும், ஏந்துமாறு இழுத்துச் செல்லப்பட்டோரும், ஒன்றும் ஏந்தாமலே காணாமற் போனோரும் எமது எல்லாப் பாடசாலைகளின் இடாப்புகளிலும் உள்ளனர். அவர்கள் பெயர் இருக்கும் இடாப்பை அடுக்கிவைத்த அதே காரியாலயத்திலிருந்து 'பகைவர் தலை உருளும்' என்று ஒரு மலர் வெளிவருமாயின், அதனை உருவகம் என்று மட்டும் எவ்வாறு கொள்வது?

தமிழருக்குப் பொருதல் புதிதன்று என்ற வாதத்தையும் சற்று ஆராய்வோம். பழந்தமிழில் விளையாட்டைப் பாடிய புலவர் எவ்வாறு பாடினர்? சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூரில் ஒரு மல்லனோடு பொருத மற்போரைச் சாத்தந்தையார் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் உள்ளன. அவற்றுள் எண்பதாம் பாட்டிலே புலவர் காட்டுவது முழங்காலையும் முதுகையும். ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. மற்றது அவன் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்னே வளைகிறது. தோற்றவனையும் பெருவலி படைத்தவன் என்றே புலவர் கூறுகிறார். மற்போர் தெரிந்த ஒருவன் இன்றும் அப்பாட்டைக் கொண்டு அப்பிடியை வரைந்து காட்டக்கூடும். அங்கும் போர் என்ற சொல் உண்டு. ஆயினும் புலவரின் கண் ஆட்டத்தின்மீது இருந்தது.

அதே சோழனைப் பாடிய நக்கண்ணையார் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். எண்பத்தைந்தாம் பாட்டிலே அவர் காட்டுவது மல்லரை அன்று, பார்வையாளரை. தம் தலைவனுக்கு அது சொந்த ஊருமன்று, சொந்த நாடுமன்று. ஆதலால் கூட்டம் இரு கூறாகப் பிரிந்து, ஒருசாரார் அவனுக்கு வெற்றி என்கின்றனர், மறுசாரார் இல்லை என்கின்றனர். இரண்டும் நல்லவர் பலர் கூறும் நல்ல மொழிகளே என்று சொல்லிவிட்டு, தாம் சிலம்பொலிக்க ஓடி, ஒரு பனைமரத்தின் அடியிலே சாய்ந்து நின்று அவன் வெற்றியைக் கண்டதாக முடிக்கிறார். ஊர்ப்பற்று மனிதர் கண்ணை எவ்வாறு இரு கூறாக்குகிறது என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பெண்பாற் புலவர் அறிந்திருந்தார். அறிந்தும் எதிர்ப்பக்கத்தாரை இகழவில்லை. பனைமரம் எமக்குப் புதிதன்று. அதன் கீழ் நின்று இவ்வாறு பார்க்கும் கண்தான் எமது மலர்களில் இல்லை. போட்டியை நின்று நோக்கிப் பாடியவர் அன்று ஒரு பெண்ணாக இருக்க, இன்றைய மலர்களிலே பெண்பிள்ளைகளுக்கு வாழ்த்துக் கூறும் இடமே மிஞ்சியிருக்கிறது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்கள் அகில இலங்கை மட்டத்தில் உதைபந்தாட்ட வெற்றிகளைக் குவித்தபோது, அவ்வெற்றிகள் எந்தச் சமரின் பெயராலும் அறியப்படவில்லை என்பதையும் இங்கு குறித்தல் தகும்.

பழைய இலக்கணத்திலும் இதற்கு ஒரு வழி உண்டு. தொல்காப்பியர் தும்பை என்றும் வாகை என்றும் இரு திணைகளைப் பிரித்தார். வலிமையை நிலைநாட்டுவதையே பொருளாகக் கொண்டு எதிர்வந்தவனை அழிப்பது தும்பை. பிறருக்குக் கேடு சூழாது, தத்தம் தொழிலையும் ஆற்றலையும் பிறர் வியக்க மிகுவிப்பது வாகை. அறிவரையும் தவம் புரிவோரையும் பொருநரையும் ஒருசேர வாகையுள் வைத்தார் ஆசிரியர். அச்சூத்திரம் மக்களைப் பிறப்பு வகையாற் பாகுபடுத்தி நிற்கும் பகுதியை நாம் ஏற்கமாட்டோம். அது அக்காலச் சமுதாயத்தின் குறை. ஆனால் வென்றவன் பெருமைக்குத் தோற்றவன் அழிவு வேண்டுவதில்லை என்ற அடிப்படை எமக்கு இன்றும் பயன்படும். பாடசாலை மைதானம் வாகைக்கு உரிய இடம். அதனைத் தும்பைக் களமாக எழுதிவைத்திருக்கிறோம் என்பதே எமது குற்றச்சாட்டு.

இக்குற்றத்துக்கு மொழி மட்டும் பொறுப்பன்று. அதன் கீழே ஒரு சமுதாய அமைப்பும் உண்டு. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. கட்டணம் இல்லாது போயிற்று. ஆயினும் பெயரின் ஏற்றத்தாழ்வு ஒழியவில்லை. 'பெரிய பாடசாலை' என்ற எண்ணம் எஞ்சி நின்றது. புலம்பெயர்ந்த பழைய மாணவர் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் அனுப்பும் பணம் பார்வையாளர் மண்டபமாகவும் பயிற்சி வலையாகவும் எழுகிறது. அவர்கள் நன்றியுணர்வு போற்றற்குரியது. எனினும் அப்பணம் ஏற்கெனவே பழைய மாணவர் பலரைக் கொண்ட பாடசாலையையே நாடிச் செல்கிறது. மடு வலயத்துக் காட்டோரப் பாடசாலை ஒன்றுக்கு வெளிநாட்டில் எத்தனை பழைய மாணவர் இருப்பர்? 'எமது பெருமை' என்று மேடையில் முழங்கும்போது, அச்சொல்லின் 'எமது' எவ்வளவு சிறிய வட்டம் என்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. வட்டம் சிறிதாகும்போது அதைக் காக்க உரத்த சொற்கள் தேவைப்படுகின்றன. போர்மொழியின் வேர் இங்கேயும் ஓடுகிறது.

எமது மன்னாரின் ஆட்டம் உதைபந்தாட்டம். பேசாலையிலும் வங்காலையிலும் தலைமன்னாரிலும் பள்ளிமுனையிலும் கடற்றொழிலாளர் பிள்ளைகள் வெறுங்காலோடு மணலில் ஆடிப் பழகிய ஆட்டம் அது. காரணம் மிக எளியது. துடுப்பாட்டத்துக்குத் துடுப்பும் காற்காப்பும் கையுறையும் வலையும் சமன் செய்த தரையும் வேண்டும். உதைபந்தாட்டத்துக்கு இருபத்திரண்டு பேருக்கு ஒரு பந்து போதும். கரைவலை இழுத்து முடித்த மாலையில் அதே மணலில் இரண்டு தடிகளை நட்டால் கோல் கம்பமாயிற்று. இலங்கைத் தேசிய அணியிற் பின்களத்தில் நின்று ஆடி, 2022இல் மாலைதீவிலே உயிர்நீத்த டக்சன் பியூஸ்லஸ் மன்னார் ஈன்ற மகன். அத்தகையோர் பெயரை ஒரு பாடசாலையின் சுவருக்குள் அடைத்துவிட இயலாது; அவர்களை ஆக்கியது இக்கரை முழுவதும்.

பாடசாலைப் பற்று என்பது பகையின்றி வாழக்கூடியதா என ஐயுறுவோருக்கும் மன்னார் விடை வைத்திருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டி உட்பட இத்தீவின் முஸ்லிம் ஊர்கள் வெறுமையாயின. வெளியேறியோரிற் பெருந்தொகையினர் புத்தளத்திலே கொட்டில்களில் தங்கினர். அங்கே பிள்ளைகளை மீண்டும் படிக்கவைத்தபோது, தாம் விட்டுவந்த பாடசாலைகளின் பெயரையே வைத்துக்கொண்டனர். மைதானம் இல்லை, மணிக்கூண்டு இல்லை, கேடயம் அடுக்கிய கண்ணாடி அலுமாரி இல்லை. பெயர் ஒன்றே கையிருப்பு. யாரையும் வெல்வதற்காக அவர்கள் அதைத் தூக்கிச் செல்லவில்லை. தாம் யார் என்பதைப் பிள்ளைகள் மறவாதிருக்கச் சுமந்தனர். பாடசாலைப் பெருமை எனும் சொல்லுக்கு இதனினும் உயர்ந்த பொருளை எந்த மலரிலும் நாம் வாசித்ததில்லை. அதே வேளையில், அயலவரை அயலவராகக் காணாது களத்து எதிரியாகக் காணப் பழகிய ஒரு மொழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் அவ்வெளியேற்றமே சான்று. இதனைச் சொல்லத் தமிழாசிரியராகிய எமக்கு நாணம் உண்டு. சொல்லாது விடுவதில் அதனினும் பெரிய நாணம் உண்டு.

எமது மக்கள் ஆட்டத்தையும் பகையையும் வேறுபடுத்தி அறியாதவர் அல்லர். மன்னார்க் கூத்தரங்கிலே விடிய விடிய வாள் வீசும் இரு அரசரும் உண்மையில் ஒரே தெருவினர். பொழுது புலர்ந்ததும் முடியைக் கழற்றிவைத்து அண்ணாவியாருடன் அமர்ந்து தேநீர் அருந்துவர். சபையோரும் மாற்றரசனாக வந்தவனின் பாட்டு நன்றாயிருந்தால் அவனையே மெச்சுவர். வேடம் இன்னது, மனிதன் இன்னான் என்ற தெளிவு எழுத்தறியாத மூதாட்டிக்கும் உண்டு. அத்தெளிவைப் படித்தவர்கள் அச்சிடும் மலர் ஏன் குலைக்கவேண்டும்?

ஆகவே மலர் வெளியிடுவோரிடமும், மலருக்கு எழுதுவோரிடமும், அவர்களுக்குத் தமிழ் கற்பித்த எம்போன்றோரிடமும் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். போட்டியின் பெயரை நாளையே மாற்றிவிட இயலாது. பழகிப்போன பெயர் அது. உள்ளே வரும் எழுத்தை மாற்ற இயலும். எதிரணியின் சிறந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை ஒவ்வொரு மலரிலும் இடம்பெறட்டும். அதனை இந்த அணியின் மாணவனே எழுதட்டும். நீதியரசர் பட்டியலுக்குப் பக்கத்திலே, நாற்பது ஆண்டு ஆடுகளத்துக்கு நீர் ஊற்றிய தொழிலாளியின் பெயரும் இருக்கட்டும். போட்டி நடவாத ஆண்டுகளைக் கணக்கில் வெற்றிடமாக விட்டுவிடாமல், அவ்வாண்டுகளில் அணியில் ஆடியிருக்க வேண்டிய பிள்ளைகளுக்கு யாது நேர்ந்தது என்று எழுதப்படட்டும். சிற்றூர்ப் பாடசாலையொன்றின் அணி ஒவ்வோராண்டும் அப்பெரிய மைதானத்தில் ஒரு நாள் ஆட அழைக்கப்படட்டும். இவை எவரும் செய்யக்கூடியவை, செலவும் அதிகமில்லை.

நாம் எமது பங்குக்கு ஒன்று செய்தோம். அடுத்த வாரம் அதே வகுப்பில் அதே தலைப்பை மீண்டும் கொடுத்தோம். இம்முறை ஒரு நிபந்தனை விதித்தோம்: போர், படை, பகை ஆகிய சொற்களும் அவற்றின் உறவினரும் கட்டுரைக்குள் வரக்கூடாது. முதலிற் பிள்ளைகள் திகைத்தனர்; ஒருவன், "அப்படியென்றால் எழுதுவதற்கு என்ன இருக்கிறது, சேர்?" என்றும் கேட்டான். பின்னர் மெல்ல எழுதத் தொடங்கினர். ஒரு கட்டுரையில் சோளகக் காற்று பந்தை வெளியே தள்ளியது. இன்னொன்றில் கோல் காப்பாளனின் சப்பாத்து இரவல் சப்பாத்து. அது பெரிதாயிருந்ததால் அவன் வழுக்கினான். மூன்றாவதில் தோற்ற அணியின் தலைவன் நடுவருக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

அரைப்பக்கம் எழுதிய பையன் இம்முறை இரண்டு பக்கம் எழுதியிருந்தான். அந்தக் கோல் எவ்வாறு விழுந்தது என்பதை அடி அடியாக விவரித்து, இடக்காலால் அப்படி உதைக்கத் தன்னைப் பழக்கியவன் பழைய பாடசாலையில் தன்னோடு ஒரே வாங்கில் இருந்தவனே என்று முடித்திருந்தான். நாம் அத்தாளை அவன் அனுமதியோடு அயற் பாடசாலையின் தமிழாசிரியருக்கு அனுப்பிவைத்தோம். அவரும் தம் வகுப்பில் இத்தலைப்பைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். வரும் பருவத்தில் இரு வகுப்பாரின் கட்டுரைகளையும் சேர்த்து ஒரே கையெழுத்து ஏடாகக் கட்ட எண்ணியுள்ளோம்.